தொண்டை என்னும் பெயர்: நிலம், குடி, மொழி

தொண்டை நாடு என்பது வடக்கே வேங்கட மலைக்கும் தெற்கே தென்பெண்ணை ஆற்றுக்கும் நடுவே, கிழக்கே கடலும் மேற்கே பவளமலையும் எல்லையாகக் கிடந்த பழைய நிலப்பகுதி. இன்றைய சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, வேலூர் மாவட்டங்களும், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் பெரும்பகுதியும், ஆந்திரத்தின் சித்தூர், காளத்திப் பகுதிகளும் அதற்குள் அடங்கும். காஞ்சி அதன் தலைநகர், மாமல்லபுரம் அதன் துறைமுகம். சோழ நாடும் பாண்டிய நாடும் தம்மை ஆண்ட குலங்களின் பெயரால் வழங்கின என்பதில் ஐயம் எழுவதில்லை. தொண்டை நாட்டின் பெயர் அவ்வளவு நேரானதன்று. அது முதலில் ஒரு குடியைக் குறித்ததா, கொடியைக் குறித்ததா, அரசனைக் குறித்ததா என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. அந்த நிலத்தில் பேசப்பட்ட தமிழுக்கு அந்தப் பெயர் ஒருபோதும் ஒட்டவில்லை என்பது அதைவிடக் கவனிக்கத்தக்கது.

சங்க நூல்களில் இப்பெயர் வேங்கடத்தை ஒட்டியே முதலில் தென்படுகிறது. அகநானூற்றின் 213ஆம் பாட்டு யானைப்படை கொண்ட தொண்டையர் என்ற குடியினரை வேங்கட மலையோடு சேர்த்துச் சொல்கிறது. அதே தொகையின் 85ஆம் பாட்டில் வேங்கடம் திரையன் என்பவனுக்கு உரியது. 340ஆம் பாட்டில் அவனுடைய ஊர் பவத்திரி. புறநானூற்றின் 95ஆம் பாட்டு, அதியமானின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் சென்றபோது பாடியது. பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. தொண்டையர், திரையர் என்ற இரு பெயர்களும் இங்கே ஓர் அரசனின் பெயரில் இணைகின்றன. இந்தச் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், மலையோரத்துக் குடியொன்றின் பெயர் கீழே இறங்கிப் பாலாற்றுச் சமவெளிக்கு வந்து காஞ்சியின் பெயராயிற்று என்று கொள்ளவே இடம் இருக்கிறது.

கொடியின் கதை பிற்காலத்து உரைகளிலும் புராணங்களிலும் வளர்ந்தது. சோழன் ஒருவனுக்கும் நாகர் மகளுக்கும் பிறந்த பிள்ளையைத் தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விட, திரை அவனைக் கரை சேர்த்தது என்பது அந்தக் கதை. திரை தந்ததால் திரையன், கொடி அணிந்ததால் தொண்டைமான். மணிமேகலையில் வரும் நாக நாட்டு இளவரசி பீலிவளையின் கதையோடும் இது பின்னிக்கொண்டது. தொண்டை எந்தக் கொடி என்பதிலும் இரண்டு வழக்குகள் உண்டு. சிவந்த கனியால் மகளிர் இதழுக்கு உவமையாகும் கோவைக் கொடிக்கு அப்பெயர் உண்டு. முள்ளும் வெண்ணிறப் பூவும் உடைய ஆதொண்டைக்கும் உண்டு. நாட்டார் கதைகளில் சோழன் மகன் பெயரே ஆதொண்டைச் சக்கரவர்த்தி. பல்லவர் கல்வெட்டு மரபிலும் இதற்கு இணையான கதை இருக்கிறது. அமராவதித் தூண் கல்வெட்டின்படி குலமுதல்வனான குழந்தை தளிர்ப்படுக்கையில் கிடந்ததால் பல்லவன் ஆனான். வடமொழியில் பல்லவம் என்றால் தளிர். தொண்டையும் பல்லவமும் ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று என்று சில ஆய்வாளர்கள் கருதினர். அதை மெய்ப்பிக்கும் நேரடிச் சான்று இல்லை. இரு மரபுகளும் பெயருக்குப் பின்னால் ஒரு செடியை வைத்து விளக்கம் தேடின என்பதே உறுதியாகச் சொல்லக்கூடியது.

இதே நிலத்துக்கு இன்னொரு பெயரும் இருந்தது. அருவா நாடு. பெரும்பாணாற்றுப்படையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையையும் பாடினார். கரிகாலனுக்குப் பணிந்தவர்களின் வரிசையில் அருவாளர் என்ற மக்களை அவர் அங்கே சேர்க்கிறார். ஒரே புலவர், காஞ்சி மன்னனைப் புகழும்போது தொண்டைமான் என்கிறார். சோழன் வென்றவர்களைச் சொல்லும்போது அருவாளர் என்கிறார். ஆள்பவனின் பெயர் ஒன்றாகவும் மக்களின் பெயர் வேறாகவும் இருந்த காலத்தின் தடம் இது. தாலமி தம் நிலநூலில் கிழக்குக் கரையில் குறிப்பிடும் அருவர்னோய் என்ற மக்களும் இவர்களே என்பது பரவலான கருத்து. தொல்காப்பிய உரையாசிரியர்கள் செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நாடுகளைக் கணக்கிடும்போது அருவாவையும் அருவா வடதலையையும் அதில் வைத்தனர். செந்தமிழ் நிலத்தின் வட எல்லை அவர்களுக்கு மருத யாறு. அந்தக் கணக்கில் காஞ்சியும் மாமல்லபுரமும் திசைச்சொல் பேசும் நாட்டுக்குள் விழுகின்றன. இலக்கணம் தொண்டை நாட்டைப் பேச்சால் பிரித்துக் காட்டியபோது தொண்டை என்ற பெயரைக் கொள்ளவில்லை, அருவா என்ற பெயரையே கொண்டது.

அந்தப் பெயர்தான் எல்லை தாண்டியது. தெலுங்கர் தமிழை அரவம் என்றும் தமிழரை அரவவாரு என்றும் அழைக்கின்றனர். வடக்கிலிருந்து வருபவர் முதலில் காணும் தமிழ்மக்கள் அருவா நாட்டார். ஆகவே அவர்கள் பெயர் தமிழர் எல்லோருக்கும் ஆயிற்று. இந்தப் பொருத்தத்தை விட்டு அரவம் என்பதற்கு ஓசை என்று பொருள் காணும் விளக்கங்கள் வேடிக்கைக்கு உதவலாம், வரலாற்றுக்கு உதவா. தமிழ்நாட்டுக்குள் அருவா என்ற சொல் பேச்சிலிருந்து மறைந்து நெடுங்காலமாகிறது. ஆந்திரத்தில் அது அன்றாடப் பேச்சில் உயிரோடு இருக்கிறது.

குடியின் பெயர் ஒரு வழியிலும் மொழி வேறு வழியிலும் போவது உலகில் பல இடங்களில் நடந்திருக்கிறது. பிரான்சின் தென்மேற்கில் உள்ள காஸ்கோன் நாடு இதற்குத் தெளிந்த சான்று. உரோமர் காலத்தில் பிரனீசு மலையடிவாரத்தில் வாழ்ந்த வாஸ்கோன் குடியின் பெயரே அதற்கும், அண்டையில் உள்ள பாஸ்க் மக்களுக்கும் வந்தது. பாஸ்க் மொழி இலத்தீனோடு உறவே இல்லாதது. காஸ்கோன் மொழியோ இலத்தீனிலிருந்து பிறந்தது. ஆனாலும் இலத்தீனின் சொல்முதல் ஃபகரத்தை ஹகரமாக ஒலிப்பது போன்ற கூறுகளில் பழைய பாஸ்க் நாவின் பழக்கம் அதில் தங்கிவிட்டது. அங்கே குடியின் பெயர் நிலத்தின் பெயராகிப் பிறகு மொழியின் பெயருமாயிற்று. தொண்டை நாட்டில் இரண்டாம் படி வரை நடந்தது. மூன்றாம் படி நடக்கவில்லை. இங்கே மொழி மாறவில்லை என்பதே காரணம். காஞ்சியில் பேசியதும் மதுரையில் பேசியதும் தமிழே. அதற்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை.

பல்லவர் காலத்தில் பெயர் மீண்டும் அரசைச் சேர்ந்தது. பல்லவரின் தொடக்கச் செப்பேடுகள் பிராகிருதத்திலும் அடுத்தவை வடமொழியிலும் அமைந்தன. அவர்கள் கிருஷ்ணை ஆற்றுப் பக்கத்திலும் ஆட்சி செலுத்தியவர்கள். தமிழ் அவர்கள் ஆவணங்களில் பிறகே இடம்பெற்றது. தமிழ்ப் புலவர்களோ அவர்களைத் தொண்டையர் என்று தமிழ்ப்பெயரால் அழைத்தனர். திருமங்கையாழ்வார் காஞ்சி அட்டபுயகரப் பதிகத்தில் தொண்டையர்கோன் என்று ஓர் அரசனைச் சொல்கிறார். நந்திக் கலம்பகம் மூன்றாம் நந்திவர்மனைத் தொண்டை வேந்தனாகவே காட்டுகிறது. வடமொழிச் செப்பேடுகளும் இந்தச் சொல்லைத் தவிர்க்க முடியவில்லை. இரண்டாம் நந்திவர்மனின் காசாக்குடிச் செப்பேடு நாட்டைத் துண்டாக ராஷ்டிரம் என்கிறது. பிற்கால வடமொழியில் அது துண்டீர மண்டலம் ஆயிற்று. வெளியிலிருந்து வந்தவர்கள் என்று கொண்டாலும் உள்ளூரார் என்று கொண்டாலும், பல்லவர் இந்த மண்ணை ஆண்ட உரிமை தொண்டையர் என்ற பெயரால்தான் தமிழில் சொல்லப்பட்டது.

மொழி வரலாற்றில் இந்த நாட்டின் பங்கு அதன் பெயரைக் காட்டிலும் பெரிது. செங்கல்பட்டை அடுத்த வல்லத்துக் குடைவரையில் மகேந்திரவர்மன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. வயந்தப்பிரி அரசரின் மகன் கந்தசேனன் அந்தத் தேவகுலத்தைச் செய்வித்தான் என்பது அதன் செய்தி. மகேந்திரனின் பட்டப்பெயர்களில் பகாப்பிடுகு போன்ற தெலுங்குச் சாயல் கொண்டவையும் அதில் உண்டு. ஏழாம் நூற்றாண்டின் ஒரு சிறு கல்வெட்டில் தமிழும் வடமொழியும் தெலுங்கும் ஒன்றாக நிற்கின்றன. அதைவிட முதன்மையானது அதன் எழுத்து. அக்காலத்தில் பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் தமிழ் வட்டெழுத்தில் எழுதப்பட்டது. தொண்டை நாட்டின் மேற்கே செங்கம் பக்கத்து நடுகற்களிலும் வட்டெழுத்தே. காஞ்சியைச் சூழ்ந்த பல்லவ நாட்டில் மட்டும் கிரந்தத்தோடு நெருங்கிய உறவுடைய வேறொரு தமிழ் எழுத்து வளர்ந்தது. சோழர் அதை ஏற்றுத் தெற்கே கொண்டுசென்றனர். 11ஆம் நூற்றாண்டளவில் பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளிலும் அது வட்டெழுத்தின் இடத்தைப் பிடித்தது. இன்று தமிழர் எழுதும் எழுத்து இந்தத் தொண்டை நாட்டு எழுத்தின் வழிவந்தது. இலக்கணிகள் செந்தமிழ் எல்லைக்கு வெளியே வைத்த நாடு தமிழுக்கு வடிவம் கொடுத்த நாடாயிற்று. இந்தக் கொடை பள்ளிப் பாடநூல்களில் பெறும் இடம் போதாது.

ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் ஆதித்த சோழன் பல்லவன் அபராசிதனை வென்று நாட்டைச் சேர்த்துக்கொண்டான். தொண்டை நாடு பாவின இராசகேசரி என்று திருவையாற்றுப் பக்கத்துத் தில்லைத்தானக் கல்வெட்டு அவனைப் பெருமையாகக் குறிக்கிறது. முதலாம் இராசராசன் காலத்தில் மண்டலத்தின் பெயர் செயங்கொண்ட சோழ மண்டலம் என்று மாறியது. கல்வெட்டுகளில் அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்கு அதுவே அலுவல் பெயர். ஆனால் அதற்குக் கீழ் இருந்த பிரிவுகளின் பெயர்கள் அசையவில்லை. தொண்டை நாட்டுக்கே உரிய கோட்டம் என்ற பிரிவு பல்லவருக்குப் பின்னும் நின்றது. மரபு 24 கோட்டங்களையும் 79 நாடுகளையும் எண்ணுகிறது. மாமல்லபுரம் ஆமூர்க் கோட்டத்தில் இருந்தது, மதுராந்தகம் களத்தூர்க் கோட்டத்தில், உத்திரமேரூர் காலியூர்க் கோட்டத்தில். சோழர் ஆட்சி மறைந்ததும் செயங்கொண்ட சோழ மண்டலமும் வழக்கொழிந்தது. தொண்டை மண்டலம் திரும்பி வந்தது. வென்றவர் இட்ட பெயரை ஆவணம் ஏற்றது, மக்கள் ஏற்கவில்லை.

சோழர் காலத்திலேயே சேக்கிழார் இந்தப் பெயரை இலக்கியத்தில் ஊன்றினார். புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரில் பிறந்தவர் அவர். பெரியபுராணத்தில் திருக்குறிப்புத் தொண்டரின் வரலாற்றைத் தொடங்குமுன் தொண்டை நாட்டின் ஐவகை நிலங்களையும் காஞ்சியையும் விரிவாகப் பாடுகிறார். ஒரு வண்ணாரின் வரலாற்றுக்கு இவ்வளவு நீண்ட நாட்டுப் படலம் வேண்டியதில்லை. தம் நாட்டைச் சொல்லக் கிடைத்த இடத்தை அவர் விடவில்லை என்றே கொள்ள வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் படிக்காசுப் புலவர் தொண்டை மண்டல சதகம் பாடினார். சேர, சோழ, பாண்டிய நாடுகளுக்கு யானை, சோறு, முத்து என்று பொருள் வளம் சொல்லும் பழைய தனிப்பாடல் இந்த நாட்டுக்குச் சான்றோரைச் சொல்வதும் இந்தப் பெருமையின் ஒரு பகுதி. சைவத்தில் தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 32, வைணவத்தில் தொண்டை நாட்டுத் திருப்பதிகள் 22. தலங்களை நாடுவாரியாக எண்ணும் இந்த மரபுதான், அரசர்கள் போன பிறகும் பெயரைப் பக்தர் நாவில் வைத்திருந்தது.

தொண்டைமான் என்ற பட்டம் நிலத்தை விட்டு வெகுதூரம் போயிற்று. முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கம் சென்றதைச் செயங்கொண்டாரின் கலிங்கத்துப் பரணி பாடுகிறது. அறந்தாங்கியில் ஒரு தொண்டைமான் மரபு ஆண்டது. புதுக்கோட்டையில் கள்ளர் குலத் தொண்டைமான்கள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1948 வரை ஆண்டனர். இலங்கையின் மலையகத் தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் (1913–1999) பெயரிலும் அதே பட்டம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் செல்வச்சந்நிதி முருகன் கோயில் இருக்கும் ஊருக்கும் நீரோட்டத்துக்கும் தொண்டைமானாறு என்று பெயர். கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்தது என்பது அங்குள்ள வழக்கு. வடகோடியில் காளத்திக்கு அருகே தொண்டமநாடு என்ற சிற்றூர் இருக்கிறது. முதலாம் ஆதித்தன் இறந்த இடமாகக் கல்வெட்டுகள் சொல்லும் தொண்டைமானாற்றூர் இதுவே. தெலுங்கு பேசும் ஊரிலும் ஈழத்துக் கடற்கரையிலும் ஒரே பெயர் நிற்கிறது. இந்தப் பட்டத்தைத் தாங்கிய எல்லோரையும் தொண்டை நாட்டிலிருந்து குடிபெயர்ந்தவர்களாகக் காட்டும் குலவரலாறுகள் பல. பட்டம் அரசனிடமிருந்தும் வந்திருக்கலாம் என்பதை அவை எண்ணுவதில்லை.

நாட்டுக்குள்ளேயே யார் தொண்டை மண்டலத்தார் என்பது நேரான கேள்வியன்று. இந்தப் பெயரைக் குலப்பெயராகச் சூடியவர்கள் வேளாளர். தொண்டை மண்டல முதலியார், தொண்டை மண்டல சைவ வேளாளர் என்ற வழக்குகள் இன்றும் உண்டு. காஞ்சியில் தொண்டை மண்டல ஆதீனம் இருக்கிறது. தொண்டை மண்டல துளுவ வேளாளர் என்ற பெயரில் இரண்டு நாடுகள் ஒட்டி நிற்கின்றன. ஆதொண்டைச் சக்கரவர்த்தி குடியேற்றிய காலத்தில் துளு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. பேசுவது தமிழ், துளு பெயரில் மட்டும் தங்கியது.

ஆதொண்டையின் கதையில் தோற்றவர்கள் குறும்பர். 24 கோட்டங்களையும் கோட்டைகளோடு வகுத்து ஆண்டவர்கள் அவர்களே என்றும், புழல் அவர்கள் தலைநகர் என்றும், ஆடு மேய்த்த அந்த மக்களை வென்றே வேளாளர் குடியேற்றப்பட்டனர் என்றும் கதை சொல்கிறது. திருமுல்லைவாயில் கோயிலின் வெள்ளெருக்குத் தூண்கள் குறும்பர் கோட்டையிலிருந்து வந்தவை என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கென்சியின் உதவியாளர்கள் இந்தக் கதைகளைத் தொகுத்தனர். கோட்டம் என்ற பிரிவு பல்லவர் செப்பேடுகளிலேயே இருப்பதால் கதையின் காலக்கணக்கு நிற்காது. வேளாண்குடிகளுக்கு முன்னால் வேறு மக்கள் இங்கு இருந்தார்கள் என்ற நினைவை அது காத்து வைத்திருக்கிறது. கதையின் பயன் அதுவே.

அந்தப் பழைய மக்களில் இன்றும் செங்கல்பட்டு மாவட்டம் முழுதும் வாழ்பவர்கள் இருளர். நீலகிரி இருளர் தமக்கெனத் தனி மொழி உடையவர்கள். செங்கல்பட்டு இருளர் தமிழ் பேசுகிறார்கள். ஒரே பெயர் இரண்டு பேச்சுகளுக்கு மேல் நிற்கிறது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இயங்கிப் பாம்புக்கடி மருந்துக்கு நஞ்சு தருகிறது. மாசி மகத்தில் இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வழிபடுவார்கள், திருமணங்களும் அங்கே நடக்கும். தொண்டை மண்டலம் என்ற பெயரில் எழுதப்பட்ட சதகங்களிலும் குல வரலாறுகளிலும் இவர்களுக்கு இடம் இல்லை. ஒரு நாட்டின் பெயர் அதில் வாழ்வோர் எல்லோரையும் சமமாகத் தழுவுவதில்லை என்பதற்கு இவர்களே சான்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தப் பெயர் நில உரிமை வழக்கில் ஒரு சான்றாயிற்று. 1763இல் ஆர்க்காட்டு நவாபு கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த பகுதி ஜாகீர் எனப்பட்டது. மதுராந்தகத்துக்கு அருகே உள்ள கருங்குழி அதற்குள் இருந்தது. 1759 டிசம்பரில் ஆங்கிலப் படைத்தலைவர் அயர் கூட் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய கருங்குழிக் கோட்டை பிறகு ஜாகீர் கலெக்டரின் இருப்பிடமாயிற்று. 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளையும் வரியையும் பற்றி எழுதிய நீண்ட அறிக்கை இந்த வட்டாரத்தைப் பற்றியது. நிலம் யாருக்கு உரியது என்பதே அப்போதைய கேள்வி. மிராசு என்னும் பரம்பரை நில உரிமை கொண்ட ஊரின் மிராசுதாரர்கள் தங்கள் உரிமை ஆதொண்டை காலத்துக் குடியேற்றத்தோடு வந்தது என்றனர். சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் மிராசு உரிமையை விளக்கிய கட்டுரை 1818இல் அச்சானது. அதில் தொண்டை மண்டலத்தின் பழங்கதை வருவாய்த்துறைச் சான்றாக மாறியது. அந்தச் சான்று மிராசுதாரருக்கு வலு சேர்த்தது, நிலத்தில் உழைத்த பண்ணையாட்களுக்குச் சேர்க்கவில்லை. இதே எல்லிஸ்தான் 1816இல் காம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்குறிப்பில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பம், வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்று சொல்லடிகளைக் கொண்டு காட்டினார். தமிழும் தெலுங்கும் கலந்து பழகும் சென்னையில் இருந்தவருக்கு அந்த உறவு கண்ணில் பட்டதில் வியப்பில்லை.

இன்றைய பேச்சுக்கு வந்தால், வடமாவட்டத் தமிழ் தனக்கெனக் கூறுகள் உடையது. தெற்கே வந்துகிட்டு என்பது இங்கே வந்துகினு. என்ன என்பது இன்னா, இருக்கிறது என்பது கீது, வீடு என்பது வூடு. பழம் பலர் வாயில் பயம் ஆகிறது. அழைத்துக்கொண்டு போ என்பது இட்டுகினு போ. நைனா, டப்பு முதலிய தெலுங்குச் சொற்களும் நாஷ்டா, பேஜார் முதலிய உருதுவழிச் சொற்களும் எல்லைப்புற நாட்டில் நெடுங்காலம் பழகியவை. திரைப்படம் இதைச் சென்னைக் குப்பத்துப் பேச்சாகக் காட்டியது. மதுராந்தகம், செய்யூர் பக்கத்துச் சிற்றூர்களிலும் இதன் பல கூறுகளைக் கேட்கலாம். கொச்சை என்று ஒதுக்கப்படுவது ஒரு பழைய நாட்டின் வட்டார வழக்கு. அதற்கு மதுரைத் தமிழ், கொங்குத் தமிழ், நெல்லைத் தமிழ் என்பதுபோல மதிப்பான பெயர் அமையாமல் போனது அதன் குறையன்று. தொண்டைத் தமிழ் என்று யாரும் சொல்வதில்லை.

கலையிலும் இதே நிலை. பாரதக் கூத்தும் பிரசங்கமும் படுகளமும் சேர்ந்த திரௌபதியம்மன் திருவிழா இந்த நாட்டின் பெருஞ்சொத்து. புரிசை போன்ற ஊர்கள் கூத்துக்குப் பெயர்பெற்றவை. கூத்தர்கள் தங்கள் பாணியை வடக்கத்திப் பாணி என்பார்களே தவிரத் தொண்டைப் பாணி என்பதில்லை. பெங்களூரில் கரக விழா எடுக்கும் திகளர் திரௌபதியைக் குலதெய்வமாகக் கொண்டவர்கள். அந்த வழிபாட்டின் வேர் தமிழகத்தின் வடமாவட்டங்களை நோக்கியே போகிறது.

செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்து பெயரிழந்து, 2019 நவம்பரில் புதிய எல்லையோடு மீண்டும் பிறந்தது. தொண்டை என்ற பெயரில் மாவட்டமோ வட்டமோ இல்லை. மாவட்டப் பெயர் தேடுவதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. மதுராந்தகம், கருங்குழி, செய்யூர், இடைக்கழிநாடு வட்டார வயலிலும் கடற்கரையிலும் புழங்கும் சொற்களையும், செங்கல்பட்டு இருளரின் பேச்சையும், முதியவர்கள் இருக்கும்போதே ஒலிப்பதிவு செய்து வட்டார அகராதியாக வெளியிட வேண்டும். சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனாரின் ஊர் இடைக்கழிநாடு. மாவட்டத்துக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் அங்கிருந்தே இந்தப் பணியைத் தொடங்கலாம்.